வெள்ளிக்கிழமைச் சாவி

"உன் பொண்டாட்டிதான்டா வண்டியக் கெடுக்கிறா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கன்னியம்மாள் இதைச் சொன்னபோது, மகன் இளங்கோ காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். எஞ்சின் இருமியது. அடங்கியது. மறுபடி இருமியது.

"காலங்காத்தால ஆரம்பிக்காதம்மா. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்."

"உங்கப்பா ஓட்டினப்போ மட்டும் புதுசாவா இருந்திச்சி? ஒரு நாள் தள்ளிகினு போயிருப்பாரா?"

அப்பா உலகநாதன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. அவர் கார் மட்டும் வெள்ளானூர் வீட்டு வாசலில் நின்றது. இளங்கோ அம்பத்தூருக்கு வேலைக்குப் போவது பைக்கில். சனிக்கிழமை அம்மாவை ஆவடி மார்க்கெட்டுக்கு அழைத்துப்போகத்தான் காரை எடுப்பான்.

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை கார் முதல்முறையாக நின்றது. "வந்தவ ராசி" என்றாள் கன்னியம்மாள். வீட்டுக்குள் மட்டும் சொல்லவில்லை, குழாயடியிலும் சொன்னாள். மருமகள் சித்ரா காதில் விழுந்தது.

ராசி என்று சொன்னதுகூடத் தப்பு, அது வேண்டுமென்றே செய்யும் வேலை என்று கன்னியம்மாளுக்குப் போன சனிக்கிழமைதான் தெரிந்தது. கோலம் போட வாசலுக்கு வந்தவள் பார்த்தாள். சித்ரா கார் பானெட்டைத் தூக்கி வைத்து, உள்ளே தலையை விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் பானெட்டைச் சாத்திவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அதான் நேத்து சாயங்காலமே சாவிய முந்தானையில முடிஞ்சி வச்சிட்டேன். இன்னிக்கி விடியறதுக்குள்ள வந்து, 'அத்தை, சாவி கொஞ்சம் தாங்க'ன்னு நிக்கிறா. குடுப்பனா?"

"சாவி உன்கிட்ட இருந்தப்போ அவ எப்படிம்மா கெடுத்திருப்பா?"

"போன வாரம் பண்ணது இந்த வாரம் வேலை காட்டுது."

இளங்கோ இறங்கி, வாசற்படியில் நின்ற மனைவியிடம் வந்தான். "சித்ரா, நீ பானெட்டைத் திறந்தியா?"

"திறந்தேன்."

"எதுக்கு?"

சித்ரா தரையைப் பார்த்தாள்.

"பார்த்தியா, வாயில பதில் வருதா? இனிமே இவ இந்தச் சாவியத் தொடக்கூடாது. முடியாதுன்னா நீங்க ரெண்டு பேரும் வேற ஊடு பார்த்துக்கங்க. அவரு வண்டி இவ கையால சாவறத நான் பார்க்க மாட்டேன்."

இளங்கோ மனைவியை ஒருமுறை பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். பிறகு அவன் முகம் மாறியது.

அதற்குள் இளங்கோ கூப்பிட்டிருந்த மெக்கானிக் தங்கவேல் வந்துவிட்டார். தெருக்கோடியில் ஷெட் வைத்திருப்பவர்.

"இன்னாக்கா, மறுபடியும் படுத்துக்கிச்சா?"

"நானும் வெள்ளிக்கெழம தவறாம திருஷ்டி கழிச்சிகினுதான் கீறேன் தங்கவேலு. கூடவே இருந்து குழி பறிச்சா இன்னா பண்றது?"

தங்கவேல் பானெட்டைத் தூக்கினார். "பேட்டரி நல்லா கீது. பெட்ரோலும் வருது." கறுப்பாக ஒரு மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். "அதே கதைதான். பிளக்குக்குக் கரண்டைப் பிரிச்சி அனுப்புற டப்பா சார் இது. உள்ள ஈரம் பட்டா வண்டி எழுந்துக்காது."

பிறகு சித்ராவைப் பார்த்தார். "ஏம்மா, நான்தான் சொல்லிக் குடுத்தேனே. இன்னிக்கி ஏன் துடைக்கல?"

"சாவி கிடைக்கலண்ணே. கதவைத் திறந்து உள்ள லீவரை இழுத்தாத்தானே பானெட் திறக்கும்."

இளங்கோவுக்குப் புரியவில்லை. "எப்போ சொல்லிக் குடுத்தீங்க?"

"ரெண்டாவது தபா நின்னுதே, அப்பவே ஷெட்டாண்ட வந்து கேட்டுச்சி. சனிக்கெழம காலையில துணியால துடைச்சிட்டா போதும்னேன். அது கை வச்சதாலதான் சார் வண்டி ஓடிகினு கீது. நடுவுல அது ஊருக்குப் போன வாரம்தானே திரும்ப நின்னுது?"

"சரி, வாரா வாரம் இதுக்குள்ள ஈரம் எங்கேர்ந்து வருது?" என்றான் இளங்கோ.

"பனி" என்றாள் சித்ரா, அவன் கேட்டு முடிப்பதற்குள். "மார்கழி இல்லையா, பானெட் இடுக்கு வழியா இறங்குது."

தங்கவேல் மூடியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்து எடுத்தார். துணியைப் பார்த்தார். சித்ராவைப் பார்த்தார். துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"ஆமா சார், பனிதான். இந்த வருஷம் ஜாஸ்தி."

அவர் மடிப்பதற்கு முன்பே கன்னியம்மாள் பார்த்துவிட்டாள். துணி மஞ்சளாக இருந்தது.

கோளாறு உள்ளே இருக்கும்போது வெளியே தெளித்து என்ன பலன் என்று, வெள்ளிக்கிழமைதோறும் மகனும் மருமகளும் இல்லாத நேரமாகப் பார்த்து, பானெட்டைத் தூக்கி எஞ்சின் தலையிலேயே அவள் ஊற்றிவந்த, மஞ்சள் கரைத்த திருஷ்டித் தண்ணீர் அது.

தங்கவேல் மூடியை மாட்டினார். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்த இளங்கோ, சாவியை அம்மாவிடம் நீட்டினான்.

"அவகிட்ட குடு" என்றாள் கன்னியம்மாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நீயே வச்சிக்க. வெள்ளிக்கெழம நான் வந்து கேட்டா மட்டும் குடுத்துடாத."