உறவுக்கு ஆதாரம்: பக்கம் 212 முதல்

வன்னியம்பட்டியில் காதலைப் பற்றி முழுமையாக அறிந்த ஒரே ஆள் நான்தான்.

இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராஜபாளையத்தில் நான் படிக்கும் கல்லூரியில் பதினொரு பேருக்குக் காதல் மெசேஜ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்பது பேர் முறைப்படி பிரிந்தும்விட்டார்கள். அவ்வளவு அனுபவம்.

ஆகவேதான் பானுப்பிரியா அக்காவின் கனடா விசா வேலை என்னிடம் வந்தது.

முதல் தடவை அனுப்பியது திரும்பிவிட்டது. கணவன் மனைவி உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம்.

கல்யாணமான இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவர் வேல்பாண்டி மச்சான். மூன்று வருடமாகிறது. இருக்கிற போட்டோ எல்லாவற்றிலும் இரண்டு பேருக்கும் நடுவில் யாராவது ஒரு சித்தப்பா நிற்கிறார். 'முதன்முதலில் எப்போது சந்தித்தீர்கள்' என்ற கேள்விக்கு அக்கா, 'எனக்குக் காது குத்தும்போது' என்று எழுதியிருந்தாள். பொய் இல்லை. அத்தை மகன். அன்றைக்கு மச்சானுக்கு ஆறு வயது.

இதுவும் திரும்பினால் பிறகு ரொம்பக் கஷ்டம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அங்கே போய்ச் சேரப்போகிற சூப்பர் மார்க்கெட் வேலைக்கு இங்கேயே தயாராகிக்கொண்டிருந்தாள். பால் கறக்கும்போதுகூட, காய் பழத்துக்குப் பில் போட அங்கே அடிக்கிற கோடு நம்பர்களை ஒப்பித்தாள். வாழைப்பழம் நாலாயிரத்துப் பதினொன்று. மாட்டுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெபக்குமார் அண்ணனின் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்தோம். அக்காவும் மச்சானும் பேசிய மூன்று வருட வாட்ஸ்அப்பை ஆங்கிலத்தில் மாற்றி ஏற்ற வேண்டும். அக்கா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். நான் திரையைத் திறந்தேன்.

சாப்டாச்சா?

ம்.

மறுநாள்.

சாப்டாச்சா?

ம்.

இப்படி நானூறு பக்கம்.

ரேஷன் கடையில்கூட இதைவிட ஆசையாகப் பேசுவார்கள். காதல் என்று சொல்லி இதை ஒரு நாட்டு அரசாங்கத்திடம் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. எழுந்து நின்று, செய்தி வாசிப்பவரின் குரலில், தேதி நேரத்தோடு சத்தமாக வாசித்தேன்.

போலீஸ் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருவர் கேட்டார்.

“தம்பி, அந்த மனுசன் ஒரு நாளாவது என்ன கொழம்புன்னு சொன்னாரா?”

பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. இங்கே கதையில் மாபெரும் திருப்பம் என்று அறிவித்தேன். மச்சான் 'ம்' என்பதை விட்டுவிட்டு 'ஆச்சு' என்கிறார். காதல் முற்றுகிறது. தொடர்ந்து நாற்பத்தேழு நாள், ஆச்சு, ஆச்சு, ஆச்சு.

ஜெபக்குமார் அண்ணனே சிரித்துவிட்டார்.

அக்கா எழுந்து வந்தாள். திரையைப் பார்ப்பதுபோலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அவிய சாப்ட்டிருந்தா ‘ம்’முன்னு போட்டுட்டுத் தூங்கிருவாக. சாப்பிடலன்னாத்தான் ‘ஆச்சு’ன்னு முழுசா அடிப்பாக. அந்த நாப்பத்தேழு நாளும் அவியளுக்கு வேலை இல்லடா.”

தெரிந்துமா நீ ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா அசிங்கப்படுவாகல்ல.”

அந்த இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது அக்கா, ஒரு குறிப்பாக எழுதிச் சேர்த்துவிடுகிறேன், விசா வந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னேன்.

“எழுதாத. அனுப்புறதுக்கு முன்னாடி அவியளும் வாசிச்சுக் கையெழுத்துப் போடணும். விசா வராட்டியும் போகுது.”

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது ஜெபக்குமார் அண்ணனிடம் மட்டும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள்.

குறிப்பு எதுவும் எழுதவில்லை. 'ஆச்சு' வந்த இடத்திலெல்லாம் சாப்பிட்டேன் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். நாற்பத்தேழு தடவை. காப்பி, பேஸ்ட் செய்தால் ஒரு நிமிடம்தான். ஒவ்வொன்றாகத்தான் அடித்தேன்.

மூன்று மணிக்கு ஜெபக்குமார் அண்ணன் தன் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பக்கத்துக் கடையில் பரோட்டா கொத்துகிற சத்தம் கேட்டது. காலையில் குடித்த டீயோடு நான் இருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை.

போன் அதிர்ந்தது. அக்கா.

சாப்டியாலே?

'மன்னிச்சிருக்கா' என்று அடித்து, அழித்தேன். பதினொரு பேருக்கு எழுதிக் கொடுத்தவன் அல்லவா, கொஞ்சம் நீளமாக இன்னொன்று அடித்தேன். படித்துப் பார்த்துவிட்டு அதையும் அழித்தேன்.

ஆச்சு.

இரண்டு நீல டிக் விழுந்தது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.