ஏப்ரல் வரைக்கும்

"பெயர் என்ன? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்," என்றார் பத்மநாபன்.

லொரேனா மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏப்ரலில் சொல்கிறேன்."

"ரிப்போர்ட் இந்த மாதம் போயாக வேண்டும்."

"ஏப்ரலில்."

பத்மநாபன் பக்கத்திலிருந்த வான்மதியிடம் தமிழுக்கு மாறினார். "பார்த்தியாம்மா? காலையிலேர்ந்து இதே பாட்டு."

இருவருக்கும் பிளசன்டன் நகரில் ஒரு ஆடிட் ஆபீசில் வேலை. வடக்கே வெகுதூரம் டிரைவ் பண்ணி, அமெரிக்கப் பழங்குடிகளின் இந்தச் சின்னக் குடியிருப்புக்கு வந்திருந்தார்கள். புதுக் கணக்கு விதி வந்திருந்தது. ரோடு, பாலம், தண்ணீர்த் தொட்டி என்று பொதுவாக இருப்பதற்கெல்லாம் இனி கட்டிய செலவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கிருக்கும் ஒரே கிளினிக்குக்கு வரும் அரசாங்கப் பணம் நின்றுவிடும்.

தொட்டியில்தான் சிக்கல். பழைய காகிதங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. தொட்டி கட்டிய கான்ட்ராக்டர் ஆபீசில் ஃபைல் இருக்கிறது. அங்கே எல்லாம் கையெழுத்துப் போட்டவர் பெயர் வரிசையில். பெயரைச் சொன்னால் எடுத்துவிடலாம்.

கையெழுத்துப் போட்டது லொரேனாவுக்கு முன்னால் இங்கே கணக்குப் பார்த்தவர். அந்தப் பெயரைத்தான் யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்.

"எங்கம்மாகூட எங்கப்பா பேரைச் சொல்ல மாட்டாங்க சார்," என்றாள் வான்மதி. "ரேஷன் கடையில கேட்டா, என்னைக் கிள்ளி சொல்லச் சொல்லுவாங்க."

பத்மநாபன் சிரித்தார். "அது மரியாதை. இது மோசடி. எவனோ சுருட்டிட்டுப் போயிருக்கான். ஏப்ரலுக்குள்ள தடயத்தை அழிச்சுடுவாங்க."

அவர் சிரிப்பதை லொரேனா பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மநாபன் ஆங்கிலத்துக்குத் திரும்பினார். "சரி. விவரம் தர மறுத்தார்கள் என்று எழுதிவிடுகிறேன்."

"எழுதினால்?"

"கிளினிக் பணம் வராது."

ஜன்னலுக்கு வெளியே கிளினிக் தெரிந்தது. வாசல் பெஞ்சில் ஒருவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார்.

லொரேனா வெகுநேரம் அவரையே பார்த்தார். பிறகு, அறையிலிருந்த குடியிருப்புத் தலைவரையும் டைப்பிஸ்ட் பெண்ணையும் காபி குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார்.

நின்றபடியே பெயரைச் சொன்னார். மிக மெதுவாக.

"ஸ்பெல்லிங்?" என்றாள் வான்மதி.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நடுவில் ஓர் எழுத்தில் குரல் நின்றது. வான்மதி பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். மீதியையும் சொல்லிவிட்டு லொரேனா ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பத்மநாபன் போனை எடுத்தார்.

கான்ட்ராக்டர் ஆபீசில் ஒரு வயதான பெண்குரல். பெயரைச் சொன்னார்.

"ஃபைல் இருக்கிறதா?" என்றார்.

"இருக்கும். அனுப்புகிறேன்." குரல் இறங்கியிருந்தது. "நான் அங்கே பிறந்தவள். இறந்தவர் பெயரை ஒரு வருஷத்துக்கு எங்களில் யாரும் வாயால் சொல்வதில்லை, எழுதிக் கொடுப்பதும் இல்லை. சொன்னால், போகிற உயிர் போக முடியாமல் நின்றுவிடும். அந்தப் பெண் போன ஏப்ரலில் கார் விபத்தில் போனாள். லொரேனாவின் மகள். ஒரே மகள்."

பத்மநாபன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கள் ஆட்களில் யார் உங்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னது?"

அவர் நிமிர்ந்தார். லொரேனா முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். கதவு திறந்தது. தலைவரும் டைப்பிஸ்டும் காபிக் கோப்பைகளோடு உள்ளே வந்தார்கள். பத்மநாபனின் முகத்தைப் பார்த்த வான்மதி, எதுவும் புரியாமலே, பெயர் எழுதிய தாளை மடித்துக் கைக்குள் மறைத்தாள்.

"யாரும் சொல்லவில்லை," என்றார் பத்மநாபன், அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "வெள்ளத்தில் தப்பிய ஒரு காகிதத்தில் இருந்தது."