பிரிக்காத உறை

தீப்பெட்டிக்குள் இருந்த அந்துப்பூச்சி அரை அரிசி நீளம்கூட இல்லை.

பூச்சி ஆய்வாளர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிறகில் வெள்ளிப் பட்டை. எதிரே முக்காலியில் அவருடைய அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பட்டையோடு இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று ஆப்பிள் தோட்டத்தையே மொட்டையடித்துவிடும். இன்னொன்று பரம சாது.

சிறகை வைத்து இரண்டையும் பிரிக்க பிரம்மாவே வந்தாலும் முடியாது. இலைதான் காட்டிக்கொடுக்கும். புழு இலைக்குள் குடைந்துபோன பாதையில், கெட்டது தன் எச்சத்தை நடுவே ஒரே கோடாக விடும். சாது கண்டபடி இறைத்துவிட்டுப் போகும்.

அண்ணன் கொண்டுவந்த இலையில் இறைந்து கிடந்தது.

சந்தோஷமாகச் சொல்லியிருக்கலாம். லாரி ஓட்டுவதை விட்டபின் வீட்டுக்குப் பின்னால் அண்ணன் ஆசையாக வளர்த்த ஆறு ஆப்பிள் மரங்கள், இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. ஆனால் ஆய்வாளருக்கு வேறொரு பூச்சி நினைவுக்கு வந்தது. போய்ப் பழைய பெட்டியைத் திறந்தார். அதே பட்டையோடு ஒரு பூச்சி, ஊசியில்.

இருபது வருடத்துக்கு முன் அண்ணனின் தோட்டத்தில் பிடித்தது. அப்போது ஆய்வாளர் வேலைக்குப் புதிது. அண்ணனுக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, சிறகைப் பார்த்த கையோடு 'கெட்டது' என்று எழுதிக் கொடுத்தார்.

இருநூறு மரங்களை வெட்டி எரித்தார்கள். அண்ணன் அப்புறம் அடுத்தவர் லாரியைத்தான் ஓட்டினார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. படித்த தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பூச்சிக்குப் பக்கத்தில், அண்ணன் அன்று இலையைப் போட்டு ஒட்டிக் கொடுத்த உறை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

இப்போது பிரித்தார். இலை சருகாகியிருந்தது. பாதை முழுக்க எச்சம் இறைந்து கிடந்தது.

இனியும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று நினைத்துக்கொண்டார். முதலில் நல்ல சேதியைச் சொல்வோம், பிறகு மற்றதை.

"அண்ணே, இந்தப் பூச்சி..."

அண்ணன் கட்டியிருந்த கையை எடுத்து அவர் தோளைத் தட்டினார். உள்ளங்கையெல்லாம் புதுக் கொப்புளம்.

"நீ வாயால சொல்லணுமாடா? அந்தப் பட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. காலையிலேயே ஆறையும் வெட்டி எரிச்சிட்டேன். உன் பெட்டியில வெச்சுக்கத்தான் இதைக் கொண்டாந்தேன். அன்னிக்கு மாதிரி இன்னொரு தடவை உன் கையால எழுத வேணாம், பாரு."