ஸ்டாக் மருந்து

மாட்டாஸ்பத்திரி அலமாரியில ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது.

"மூணு நாளைக்கு ஊசி போடணும். ஒரு மாட்டுக்குத்தான் வரும். ரெண்டு மாட்டுக்குப் பங்கு போட்டா ரெண்டுமே பிழைக்காது"ன்னு டாக்டரம்மா சுப்ரியா முதல்லயே சொல்லிட்டாங்க.

வெளியே எங்க சித்தப்பா திம்மப்பனோட பசு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிட்டு நிக்குது. நெஞ்சுச்சளி முத்திப்போச்சாம். சித்தப்பா குடும்பத்துக்கு இருக்கறது அது ஒண்ணுதான். விடிஞ்சதுல இருந்து மெல்ல மெல்ல நடத்திக் கொண்டாந்து சேர்த்தோம். எனக்கு ரெண்டு மணிக்கு ஓசூர் கம்பெனி பஸ். நிக்கவும் முடியல, விட்டுட்டுப் போகவும் மனசு வரல.

அப்பத்தான் ஸ்கார்ப்பியோவுல வந்து இறங்கினார் குவாரி ஓனர் கங்கப்பன்.

"என் ஜெர்சிக்கும் இதே இருமல்தாம்மா. அந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க."

சித்தப்பா வழி விட்டு ஒதுங்கி நின்னுட்டார். பார்க்கவே எனக்கு எரிச்சலா இருந்தது.

டாக்டரம்மா சிரிச்சாங்க. "அட, இதையா கேக்கறீங்க? இது கவர்மெண்ட் ஸ்டாக்குல வர்ற மட்ட மருந்துங்க. நாட்டு மாட்டுக்குப் போடறது. உங்க ஜெர்சிக்கு இதெல்லாம் ஆகுமா? பெங்களூர் மருந்து எழுதித் தர்றேன், ஓசூர்ல கிடைக்கும். வாங்கிட்டு போன் பண்ணுங்க, நானே வீட்டுக்கு வந்து போடறேன்."

கங்கப்பன் முகத்துல பெருமை தாங்கல. சீட்டை வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

வண்டி தெருமுனையைக்கூடத் தாண்டல. அதே மட்ட மருந்தை சிரிஞ்சுல இழுத்து, சித்தப்பா பசுவுக்குக் குத்திட்டாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "ஏங்க, ஏழை மாடுன்னா எதை வேணா குத்தலாமா?"

"மாட்டைக் காத்தோட்டமா கட்டுங்க தம்பி. நாளைக்கும் இதே நேரத்துக்கு வரணும்."

அவ்வளவுதான் பதில்.

சித்தப்பா கெஞ்சவே ஆரம்பிச்சுட்டார். "எனக்கும் அந்தப் பெங்களூர் மருந்தையே எழுதுங்கம்மா. என் வீட்டுக்காரி சாந்தம்மா கம்மலை அடகு வெச்சாவது வாங்கிடறேன்."

"வேணாம்"னுட்டாங்க ஒரே வார்த்தையில.

அன்னைக்கும் மறுநாளும் கம்பெனியில எனக்கு வேலையே ஓடல. மெஷின் சத்தத்துலயும் அந்தப் பசு மூச்சு வாங்கறதுதான் காதுல கேக்குது. பிரேக்குக்கு பிரேக் ஊருக்கு போன். "இருக்குதா சித்தி?" "இருக்குதுப்பா, ஆனா இன்னும் இழுக்குது." சூப்பர்வைசர் திட்டினதுகூட மண்டையில ஏறல. பசுவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மா மேல கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கறதுன்னு முடிவே பண்ணிட்டேன்.

மூணாம் நாள் காலையில பசு புல்லுல வாய் வெச்சது. என்னால நம்ப முடியல.

கடைசி ஊசிக்கு ஓட்டிட்டுப் போனா, அங்க கங்கப்பன் நிக்கறார். கையில நாலு புது பாட்டில்.

"ரெண்டே ஊசியில ஜெர்சி எழுந்துடுச்சும்மா. மருந்துன்னா இதுதான் மருந்து. இதையெல்லாம் உங்க ஆஸ்பத்திரியிலயே வைங்க. பாவம், இவங்க மாடுகளுக்கும் நல்லதாப் போடுங்க."

"ரொம்ப நல்லதுங்க. மூணாவது ஊசியை விட்டுடக் கூடாது, சாயங்காலம் வர்றேன்"னு சொல்லி அனுப்பி வெச்சாங்க.

நான் ஒரு புது பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துல, சித்தப்பா பசுவுக்குக் கடைசி ஊசியும் போட்டுத் தீர்ந்த ஸ்டாக் பாட்டில். கம்பெனிப் பேருதான் வேற. கீழே பொடி எழுத்துல இருந்த மருந்து, ரெண்டுலயும் ஒண்ணு.

"டாக்டரம்மா, அப்ப இது..." மனு கொடுக்கறேன்னு நினைச்சது ஞாபகம் வந்து கூசிப்போச்சு.

அவங்க பாட்டில்களை அலமாரியில அடுக்கிக்கிட்டே சொன்னாங்க.

"ஏழைக்கு வேணும்னு கேட்டிருந்தா அவர் விட்டிருக்க மாட்டார் தம்பி. மட்டம்னு சொன்னேன், அவரே விட்டுட்டார்."