தொட்டில் படம் போட்ட புட்டி

ஆக்டேவியா கோக்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாபோம் கடைக்குள் நுழைந்துவிட்டாள் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

புகையில் வாட்டிய மீனும் பனையெண்ணெய்க் கசடும் கலந்து ஊறிய நாற்றம். ஃப்ரீடவுன் முழுக்க வீடு வீடாகப் போய்க் காலிப் புட்டி பொறுக்கி, கழுவி, எண்ணெய்க்காரிகளுக்கு விற்கிறவள் அவள். மழைச் சேற்றுக் கால்தடம் பலகைத் தரையில் கறுப்பாய்ப் படிந்தது. கூடவே வந்த ஈ ஒன்று புதிய சோப்புக் கட்டியின் மேல் உட்கார்ந்தது.

"அங்கேயே நில்லு! எதையும் தொட்டுத் தொலைக்காதே. கப்பல் சரக்கு வந்த நாளும் அதுவுமா மூதேவி மாதிரி வந்து நிக்கிறா."

"தொடலம்மா."

விளக்குக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த பாதிரியாரின் மனைவி மிஸஸ் டெக்கர் கவுனைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் இப்படி ஒருத்தி வந்து நிற்பதை நினைத்து ஆக்டேவியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அது கிடக்கட்டும், ஆக்டேவியா. இத்தனை நேரமா நிக்கிறேன், மாடியில ஒரு பிள்ளை இருக்கிறதே தெரியலையே! என் பேரன் தெருவையே கூட்டிடுவான்."

ஆக்டேவியாவின் முகம் மலர்ந்தது. முதல் இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதாகத் தங்கியவன் ஜோசையா. மெல்லிய ஃபிளானல் துணியில் லாவண்டர் வாசனைத் தண்ணீர் தெளித்து அதில் சுற்றி, ஊரின் அழுக்குக் காற்றுகூடப் படாமல் கடைக்கு மேலே மாடியில் வைத்து வளர்க்கிறாள். அவனைப் பார்த்துக்கொள்ளவென்றே டார்க்கஸ் என்ற ஆயாவை வேலைக்கு வைத்திருக்கிறாள்.

"தங்கம் சிஸ்டர் அவன். பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும். அப்படி ஒரு தூக்கம்."

"கொடுத்து வச்சவ நீ."

யாபோம் இருமினாள். "அம்மா, எனக்குக் கொடுத்தனுப்பிடுங்க. மழை வலுக்குது."

இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே ஒரு காலிப் புட்டி. படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் பழைய புட்டியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். புட்டியின் மேல் தொட்டில் படம்.

"இதே மருந்தும்மா. போன தடவை வாங்கினது தீர்ந்துபோச்சு."

"அதுக்குள்ளயா?"

"அது என்ன மருந்து?" என்றாள் மிஸஸ் டெக்கர்.

"பிள்ளைங்க அழுகையை நிறுத்துற மருந்து, சிஸ்டர். பேருதான் மருந்து, உள்ள முக்கால்வாசி அபின். கேக்கிறவங்களுக்கு விக்கிறேன், என்ன பண்றது? ஆனா என் வீட்டுப் படி ஏற விடமாட்டேன்."

மிஸஸ் டெக்கரின் புருவம் உயர்ந்தது. "தெரிஞ்சுமா விக்கிறே?"

ஆக்டேவியாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபமெல்லாம் யாபோம் பக்கம் திரும்பியது. எந்தக் குடிசையிலோ, மீன் செதிலுக்கும் சாக்கடைக்கும் நடுவில், கண் சொருகிக் கிடக்கும் ஒரு குழந்தை அவள் மனக்கண்ணில் வந்தது. அதன் உதட்டோரம் ஒழுகும் மருந்து. அதை மொய்க்கும் ஈக்கள்.

"இனிமே உனக்குக் கிடையாது. போ!"

"அம்மா..."

"குழந்தை வாயில இதை ஊத்திட்டு நீ ஊர் சுத்துறியா? சீ! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"எனக்கேதும்மா பிள்ளை? வேற ஒருத்தர் வாங்கியாரச் சொன்னது. காலிப் புட்டியை எனக்கே கொடுத்துடுவாங்க. அதுக்குத்தான் வர்றேன்."

ஆக்டேவியா இரண்டு விரலால் அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். தூக்கி எறியப் போனவள் நின்றாள். மீன் நாற்றத்துக்கு நடுவில் வேறு ஒரு வாசனை. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். லாவண்டர்.

"பாருங்க சிஸ்டர், ஃபிளானல்! யாரோ நல்ல குடும்பத்துக் கொடியிலேருந்து உருவியிருக்கா. புட்டி பொறுக்குற சாக்குல திருட்டு வேற. போலீஸைக் கூப்பிடட்டுமாடி?"

யாபோம் கையெடுத்துக் கும்பிட்டாள். "திருடலம்மா, சத்தியமா! பிள்ளையைப் பார்த்துக்கிற அம்மாதான் புட்டியை இதுல சுத்திக் கொடுத்தாங்க. யாருக்கும் சொல்லாதேன்னாங்க. அவங்களும் பாவம்மா. பிள்ளை அழுற சத்தம் வெளியே கேட்டா, அன்னிக்கே மூட்டையைக் கட்டுன்னு எஜமானி சொல்லிட்டாங்களாம்."

"அடிப்பாவி! பெத்தவளே அப்படிச் சொன்னாளா?" மிஸஸ் டெக்கர் நெஞ்சில் கை வைத்தாள்.

"த்தூ!" ஆக்டேவியாவுக்கு நிஜமாகவே வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. "பிள்ளையைவிட அவளுக்குப் பவிசு பெரிசாப் போச்சா? அவ தாயா, பேயா? யாருடி அவ? பேரைச் சொல்லு, இப்பவே போய் அவ மூஞ்சியில காறித் துப்பிட்டு வர்றேன்!"

யாபோம் தலையை நிமிர்த்தி மேலே மச்சுப் பலகையைப் பார்த்தாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. மெல்லக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்கதாம்மா."