மாடிவீட்டு அண்ணன்

“அண்ணே, செருப்பை வெளியே விட்டுடாதீங்க! கையில எடுத்துக்கிட்டு உள்ள வாங்க, சீக்கிரம்!”

கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள் மாடிவீட்டுக்காரி. வந்தவர் ஒரு கையில் செருப்பும் தோளில் பெரிய பயணப் பையுமாக உள்ளே நுழைந்தார். பார்ப்பவர்களுக்கு, நாலு நாள் தங்கிவிட்டுப் போக வந்த விருந்தாளி மாதிரிதான் தெரியும். பைக்குள் இருந்தது மருந்து டேங்க். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிப்பவர் அவர். பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னது இவளுடைய யோசனை.

“கீழ யாராவது பார்த்தாங்களா?”

“இல்லைம்மா.”

“அந்தம்மா?”

“டிவி சத்தம்தான் கேட்டுச்சு.”

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அந்தம்மா என்றால் வீட்டுக்கார அம்மா. அவர் கீழே இருக்கிறார். நடுமாடியில் ஒரு தையல்காரர் குடும்பம். உச்சியில் இவர்கள். சாவியைக் கையில் கொடுத்த அன்றே அந்தம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: “சத்தம் போடுங்க, புருஷன் பெண்டாட்டி சண்டை போடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா வீடு சுத்தமா இருக்கணும். பூச்சி பொட்டுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே சாமானைக் கட்டிட வேண்டியதுதான்!”

இந்த வீடு கிடைக்க அவளும், பஸ் ஓட்டும் அவள் கணவனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இப்போதுதான் மகளை அடுத்த தெருப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அழாமல் போகிறாள், தோழிகூடக் கிடைத்துவிட்டாள். அதற்குள் இந்தச் சனியன் வந்து சேர்ந்துவிட்டது.

“போன தடவை அடிச்சீங்களே, கொஞ்ச நாள் நிம்மதியா தூங்கினோம். மறுபடி ஆரம்பிச்சுடுச்சு அண்ணே. பிள்ளை கையெல்லாம் தடிப்பு. அம்மை போட்டிருக்கான்னு டீச்சர் கேக்கறாங்க.”

அவர் கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தார். மெத்தையின் தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் விரித்து டார்ச் அடித்தார். கட்டில் சட்டம் சேருகிற மூலைகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு குப்புறப் படுத்து, தண்ணீர்க் குழாய் கீழே இறங்கும் ஓட்டைக்குள் வெளிச்சம் காட்டினார். அதைச் சுற்றி மிளகுத்தூள் கொட்டினது போலக் கறுப்புப் புள்ளிகள்.

“கட்டில்ல இல்லைம்மா. இந்த ஓட்டை வழியாத்தான் போக்குவரத்து.”

“எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க அண்ணே. எல்லாம் நான் செஞ்ச வேலை. பழைய கட்டில் மலிவா கிடைக்குதுன்னு பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கிட்டு வந்தேன். இவ்வளவு சுத்தமான வீட்ல பூச்சியைக் கொண்டுவந்து விட்டவளே நான்தான்!”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அட, அழாதீங்கம்மா. இது அழுக்கைத் தேடி வர்றதில்ல, ஆளைத் தேடி வர்றது. ஆனா ஒண்ணு. ஒரு வீட்ல அடிச்சா அடுத்த வீட்டுக்கு ஓடும். அங்க அடிச்சா இங்க வரும். கட்டடம் முழுக்க ஒரே நாள்ல அடிச்சா அதோட கதை முடிஞ்சுது.”

“அய்யய்யோ! கீழ போய்ச் சொல்லச் சொல்றீங்களா? நடுமாடி அக்கா எவ்வளவு சுத்தம் தெரியுமா? போர்வையெல்லாம் அடிக்கடி வெந்நீர்ல முக்கி அலசிக் காயப்போடறாங்க. அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

“ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்ல நான் பேசறதில்லைம்மா” என்று முணுமுணுத்துவிட்டு டேங்கை மாட்டிக்கொண்டார்.

மூலை முடுக்கு விடாமல் அடித்து முடித்தார். மருந்து காயும் வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே இறங்கினாள். படி திரும்பும் இடத்தில் உத்திரம் தாழ்வாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அங்கே மண்டையை இடித்துக்கொள்ளாமல் போனதே இல்லை. அவரோ முதல் தடவை வந்தபோதே பேச்சு வாக்கில் குனிந்து கடந்துவிட்டார், இன்றும் அப்படியே. கெட்டிக்கார மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நடுமாடி வாசலில் வசமாக மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வீட்டுக்கார அம்மா முட்டியைப் பிடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார். பையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். அந்தம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

“இவர்... இவர் எப்படி இங்க?”

போச்சு, எல்லாம் போச்சு. வீடும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு.

“என் பெரியம்மா பையன்மா! சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தார். எனக்கு அண்ணன்!” என்றாள் மூச்சுவிடாமல்.

பேச்சுக்குரல் கேட்டு நடுமாடிக் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்த தையல்காரர் மனைவி, அங்கே நின்ற மூவரையும் பார்த்துப் பதறிப்போனாள்.

“அம்மா, நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க! அவர் எங்க வீட்டுக்காரரோட தம்பி!”

வீட்டுக்கார அம்மா இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அடிப்பாவிகளா! என் தங்கச்சி மகன்னு நான் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கற ஆளை, இப்படி ஆளுக்கொரு முறை வெச்சுப் பங்கு போட்டுட்டீங்களே!”

தோளிலிருந்த பையை இறக்கி வைத்த மருந்துக்காரர் பெருமூச்சு விட்டார்: “அப்பாடா, சொந்தக்காரங்க எல்லாரும் ஒண்ணு சேர்ந்தாச்சு... இனிமேலாவது மூணு வீட்டுக்கும் ஒரே நாள்ல மருந்து அடிக்க விடுவீங்களா?”