வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

கேலப் ஹார்வுட்டின் செலவில் நாலு குவளை ரம் குடித்திருந்த கொல்லன் ஒபேத், தள்ளாடியபடி மேசை முன்னால் வந்து நின்றான். "யாருக்கு உன் ஓட்டு?" என்றார் தேர்தலை நடத்திய ஷெரிப்.

"ரூபன் பிரைசுக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

எதிர்த்து நிற்கும் கேலப்புக்கு வயிறு எரிந்தது. வர்ஜீனியாவில் ஓட்டை ஒளித்துப் போட முடியாது, வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். யார் பெயரைச் சொன்னார்களோ அந்த வேட்பாளர் எழுந்து, குனிந்து நன்றி சொல்வார். ரூபனும் எழுந்து நன்றி சொன்னார்.

"ஏண்டா ஒபேத், குடிச்சது என் ரம்மு, கூவுனது அவன் பேரா?" என்றார் கேலப்.

"ரம்மு நல்லாத்தாங்க இருந்துச்சு. அதுக்காக நாட்டையே எழுதிக் குடுத்துட முடியுமா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. இப்படிக் குடித்துவிட்டுக் கழுத்தறுத்தவர்கள் அன்று இருபது பேருக்குக் குறையாது.

இந்த இருவரில் ஜெயிப்பவர்தான் ஜில்லா சார்பில் போய் அடுத்த ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார். ஜனாதிபதி வாஷிங்டன் போதுமடா சாமி என்று பண்ணைக்குத் திரும்புகிறார், அவர் நாற்காலிக்கு ஆடம்ஸும் ஜெஃபர்சனும் போட்டி. ரூபன் ஆடம்ஸ் பக்கம், கேலப் ஜெஃபர்சன் பக்கம். இதற்காக மூன்று மாதமாகக் கேலப் குதிரை மேலேயே குடித்தனம் நடத்தியிருந்தார்.

கட்சி வேறானாலும் இருவரும் சுதந்திரப் போரில் யார்க்டவுனில் ஒரே தட்டில் தின்றவர்கள். பெரிய மனிதர்கள் வழக்கப்படி, "என் ஓட்டு உனக்கு, உன் ஓட்டு எனக்கு" என்று முந்தின நாளே கைகொடுத்துக்கொண்டார்கள். தன் பெயரைத் தானே சொல்வதுபோல் வெட்கக்கேடு அங்கே வேறில்லை.

காலையில் ஓடையில் வெள்ளம், கேலப் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. கொட்டும் மழையில், கூட்டம் சேருமுன்பே, விடிந்ததும் ரூபன் முதல் ஆளாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கேலப் குனிந்து நன்றி சொல்லப் போனபோது, "அட, நமக்குள்ள என்னய்யா நன்றி? முதல்ல ஒரு வாய் குடி" என்று ரூபன் அவசரமாகக் குவளையை நீட்டினார்.

பொழுது சாய்ந்தது. "ஆளுக்கு நூத்தி எண்பத்தி நாலு. இன்னும் யாராவது உண்டா?" என்றார் ஷெரிப். பாக்கி இருந்தது, கடைசியில் போடலாமென்று இருந்த கேலப் ஒருவர்தான்.

மனைவியின் தம்பி ஆம்புரோஸ் ஓடிவந்து கையைப் பிடித்தான். "மச்சான், பேசாம வீட்டுக்கு வாங்க. சமமா நின்னா முடிவு ஷெரிப் கையில. அவரு நம்ம ஜெஃபர்சன் ஆளு."

"அவன் சொன்னபடி எனக்குப் போட்டுட்டான்டா. நான் நழுவுனா மனுஷனா நான்?"

"மூணு மாசம் நாயா அலைஞ்சீங்களே!"

"அலைஞ்சேன். அதுக்காக வார்த்தை மாற முடியுமா? கையை விடு."

கேலப் மேசை முன்னால் போய் நின்றார். "ரூபன் பிரைசுக்கு."

ஷெரிப் பக்கத்திலிருந்த குமாஸ்தாவை உடனே எழுதச் சொல்லவில்லை. சட்டத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், ஓட்டு முடியும்வரை வேண்டாத ஒரு வார்த்தை பேசமாட்டார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா, ஹார்வுட்?" என்று மட்டும் கேட்டார்.

"வாக்குக் குடுத்துட்டேன், ஷெரிப். எழுதிக்குங்க."

இறகுப் பேனா கீறியது. ஒரே ஒரு ஓட்டில் ரூபன் ஜெயித்துவிட்டார். ஆடம்ஸ் கட்சிக்காரர்கள் தொப்பிகளை மேலே வீசினார்கள்.

கேலப் ரூபனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "ஊரே எனக்குத் துரோகம் பண்ணிருச்சு, ரூபன். சொன்ன சொல் தவறாதவன் நீ ஒருத்தன்தான்யா. உங்கிட்ட தோத்ததுல எனக்கு வருத்தமில்ல."

ரூபன் கைகளை விடுவித்துக்கொண்டு தொப்பியைத் தேடினார். ஷெரிப் மேசையைத் தட்டி, முறைப்படி பட்டியலை முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"முதல் ஓட்டு, ரூபன் பிரைஸ் போட்டது... ரூபன் பிரைசுக்கே!"